விடிந்தால் ஆபீஸ்

பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில் மகனுக்குப் பை கட்டுகிறார் அம்மா. முறுக்கு டப்பா மூடியைச் சுற்றி செல்லோடேப் ஒட்டியாகிவிட்டது. கொல்லையில் ஒடித்த கறிவேப்பிலை ஈரத்துணிக்குள் போகிறது. ஆறு நாளாக பீரோ மேல் கிடந்த லேப்டாப் பையை மகன் கீழே இறக்குகிறான். அதைத் தொட்டதுமே வயிற்றைப் பிசைகிறது.

"என்னய்யா, மொகம் வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

ராத்திரி பஸ் பரனூர் டோல்கேட்டில் ஊர்ந்து சென்னை கிளாம்பாக்கம் வந்து சேரும்போது விடிந்திருக்கும். அறைக்குப் போய்க் குளித்த கையோடு வேலைக்கு ஓட வேண்டும்.

இந்தக் கலக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று ஏசுகிறவர்கள் உண்டு. உடம்புக்குள் நடப்பது வேறு. ஊரில் படுக்கிற நேரமும் எழுகிற நேரமும் தள்ளிப்போகின்றன. உடம்பின் கடிகாரமும் அதன்படி நகர்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை அலாரம் அதை ஒரே நாளில் பழைய இடத்துக்கு இழுக்கிறது. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழு 2006இல் இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்தது. இதோடு, நாளைய வேலையை நினைத்துக் கலங்குகிறவர்களுக்கு ஆழ்ந்த உறக்கம் குறைகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2004இல் கண்டார்கள். நேரம் தப்பிய தூக்கம், அதிலும் ஆழம் குறைவு.

லீவை நீட்டினால் சரியாகிவிடுமா? ஜெசிகா டி ப்ளூம் குழு நெதர்லாந்தில் 54 ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்தவர்கள் அவர்கள். எட்டாம் நாள் மனநிறைவு உச்சத்தில் இருந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே இருக்கிற லீவையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதைவிட, வருஷம் முழுக்கப் பிரித்து எடுப்பதே புத்தி.

லீவில் உண்மையிலேயே ஓய்வு கிடைத்ததா என்பது இன்னொரு கேள்வி. அதே நாட்டில் 1,530 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், திரும்பிய பிறகும் மகிழ்ச்சி கூடியிருந்தவர்கள் மிக நிம்மதியாக விடுமுறையைக் கழித்தவர்கள் மட்டுமே. மாமியார் வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நின்ற மருமகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை வந்து கதவைத் திறந்தால் அவளுக்குத் துவைக்க ஒரு குவியல், கழுவ ஃப்ரிட்ஜ், மறுநாளைக்கு ஊறப்போட அரிசி உளுந்து. மறுநாள் அவளுக்கும் ஆபீஸ்தான். முதல் இரண்டு நாள் சமையலையும் துணியையும் கணவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டால் அவளுடைய திங்கட்கிழமை பெரிதும் மாறும்.

உடம்பின் கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்ப ஒரு நாள் கிடைக்க, ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்குப் பதிலாகச் சனி ராத்திரி பஸ் ஏறுவது நல்லது. டிக்கெட் கிடைக்காதவர்களும், எண்ணி எண்ணி லீவு வாங்குகிறவர்களும் கடைசி இரண்டு நாளாவது வழக்கமான நேரத்துக்கு எழுந்து பழகலாம்.

பெரிய உதவி, ஊருக்குக் கிளம்பும் முன்பே செய்கிற ஒரு சின்ன வேலை. முடிக்காமல் விட்ட காரியம் மனசில் திரும்பத் திரும்ப முட்டும். அதை எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டுவிட்டால் அந்தத் தொந்தரவு தணியும் என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். 'திங்கள் காலை முதலில் இந்த பில், பிறகு அந்த போன்' என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனால், பரனூரில் நிற்கும்போது தலைக்குள் கணக்கு ஓடாது.

நிறுவனங்களும் மனசு வைக்கலாம். ஜெர்மனியின் டெய்ம்லர் 2014இல், விடுமுறையில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சல்கள் தானாகவே அழிந்துபோகும் வசதியை ஊழியர்களுக்குத் தந்தது. அனுப்பியவருக்கு வேறு யாரை அணுகலாம் என்ற பதில் போய்விடும். திரும்புகிறவரை நூற்றுக்கணக்கான மெயில்கள் வரவேற்பதில்லை.

பெரும்பாலோருக்கு இந்தக் கலக்கம் சில நாளில் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அல்லது ஒரு குறிப்பிட்ட மேலதிகாரியின் பெயர் போனில் தெரிந்தாலே கை நடுங்கினால், காரணத்தை விடுமுறையில் தேடக்கூடாது. வேலையிடத்தில் தேட வேண்டும். யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.