மாதிரி ஜெட் விமானம்

இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு மீட்டர் நீளமும், எரிபொருளோடு சேர்ந்து பன்னிரண்டு கிலோ எடையும் உடைய ஒரு விமானத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள் விமானி இல்லை. தரையில் நிற்கும் ஒருவர், கையிலுள்ள வானொலிக் கருவியினால் அதை நடத்துகிறார். மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது விரைகிறது. இதைப் பொம்மை என்று சொல்வோரும் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பது போகப் போகப் புலப்படும்.

ஜெட் இயந்திரத்தின் தத்துவத்தை நீங்கள் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால், காற்று ஒரு பக்கம் சீறிப் பாய, பலூன் மறுபக்கம் ஓடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. இயந்திரத்தில் இந்தச் செயல் இடையறாது நடைபெறுகிறது. முன்புறமுள்ள சக்கரம் காற்றை உள்ளிழுத்து அமுக்குகிறது. அமுக்கிய காற்றில் எரிபொருள் எரிகிறது. விரிந்த சூடான வாயு, பின்புறமுள்ள மற்றொரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே பாய்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் பொருத்தப்பட்டிருப்பதால், பின்சக்கரம் பெறும் ஆற்றலே முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிஞ்சிய வேகம் விமானத்தைத் தள்ளுகிறது. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் 1937-ஆம் ஆண்டு இத்தகைய இயந்திரத்தைத் தரையில் ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓகைன் அமைத்த இயந்திரம் 1939 ஆகஸ்டு மாதத்தில் ஒரு விமானத்தை வானில் ஏற்றியது.

நான் பௌதிகம் கற்பித்துவந்த நாளில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, பெரிய இயந்திரத்தை அப்படியே பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்துவிட்டால் சிறிய ஜெட் இயந்திரம் கிடைத்துவிடாதா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. கிடைக்காது என்பதே விடை. அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்தப் பேச்சின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, காற்றை அமுக்குவது சக்கரத்தின் பருமன் அன்று. அதன் விளிம்பின் வேகம். சக்கரத்தின் விட்டத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே விளிம்பு வேகத்தைப் பெற இருமடங்கு சுற்றுக்கள் சுற்றியாக வேண்டும். மாதிரி விமான இயந்திரங்களில் 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள அமுக்கிச் சக்கரம் பெரிதும் வழங்கும் ஓர் அளவு. அது நிமிடத்திற்கு 1,15,000 தடவை சுழல்வதாகக் கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு ஏறத்தாழ 1,917 சுற்றுக்கள். சக்கரத்தின் சுற்றளவு 20.7 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். விளிம்பு வினாடிக்கு 397 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியின் வேகமோ 340 மீட்டர்தான்! அந்த விளிம்பில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு எடை ஒரு பக்கமாகக் கூடிவிட்டால், அது அச்சை இழுக்கும் விசை ஐந்து கிலோ எடைக்குச் சற்றேறக்குறைய சமமாகும். சுற்றும்போது இழுப்பின் திசையும் வினாடிக்கு 1,917 முறை மாறிக்கொண்டே வரும். தாங்கிகள் எவ்வளவு நேரம் பொறுக்கும்? ஆகவேதான் சக்கரங்களைச் சமன்செய்யும் வேலை, அவற்றை வார்த்தெடுக்கும் வேலையைக் காட்டிலும் பொறுமையைச் சோதிப்பது.

இரண்டாவது, உறைக்கும் சக்கர விளிம்புக்கும் இடையிலுள்ள இடுக்கை, இயந்திரம் சிறுக்கும் அளவுக்குச் சிறுக்கச் செய்ய இயலாது. காற்று அவ்விடுக்கின் வழியே நழுவிவிடும். குறுகிய வழிகளில் காற்றின் உராய்வும் விகிதத்தில் மிகுதி. இவ்வாறு இழப்புக்கள் பெருகினால், பின்சக்கரம் ஈட்டுவது முன்சக்கரத்தின் செலவுக்கே போதாது போய்விடும். வெளியிலிருந்து சுழற்றும்வரை ஓடும், விட்டவுடன் நின்றுவிடும். வரவுக்கு மிஞ்சிய செலவுள்ள குடும்பத்தின் கதை இது.

மூன்றாவது காரணத்தைப் பலர் நினைப்பதில்லை. இயந்திரத்தைச் சுருக்கலாம், நெருப்பைச் சுருக்க முடியாது. எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிவதற்கு ஒரு குறிப்பிட்ட நேரம் வேண்டும். சிறிய எரிகலத்தைக் காற்று வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள் எரிந்து முடியாவிட்டால், நெருப்பு கலத்தைத் தாண்டிப் பின்சக்கரத்தின் மேலேயே எரியத் தொடங்கும்.

இந்தத் தடைகளால், நெடுங்காலம் மாதிரி விமானக்காரர்கள் வேறு வழிகளையே நாடினர். 1940-களில் அமெரிக்காவில் துடிப்புத் தாரை இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அது சுழலும் உறுப்பு எதுவுமில்லாத ஒரு குழாய். செக்கச்சிவந்து பழுக்கும், காது செவிடாகும்படி முழங்கும். பிறகு, உடலுக்குள் குழாயமைத்து, அதனுள் பல இதழ்களுள்ள விசிறியைச் சிறு பெட்ரோல் இயந்திரம் போன்றதொன்றால் சுழற்றும் முறை பரவியது. தோற்றம் ஜெட்டாக இருந்ததேயன்றி உள்ளே இருந்தது விசிறிதான். உண்மையான சுழலியால் இயங்கிய மாதிரி விமானம் 1983-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பறந்தது. ஜெர்ரி ஜாக்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் அதை அமைத்தனர். அது புரொப்பேன் வாயுவை எரித்தது. வாயு எளிதில் எரியும். ஆனால் அதற்குரிய உருளையையும் விமானம் சுமந்தாக வேண்டும்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் ஷ்ரெக்லிங். 1980-களின் இறுதியில், வீட்டுப் பட்டறையில், அவர் செய்த சக்கரம் எதனாலானது என்று நினைக்கிறீர்கள்? ஒட்டுப்பலகையினால்! சுழற்சியில் பிய்ந்து சிதறாதிருக்கக் கரிநார் கொண்டு அதை இறுக்கினார். பின்சக்கரத்தை எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி, இதழ்களை ஒவ்வொன்றாக முறுக்கி வளைத்தார். எரிபொருளைச் சூடான குழாயினூடே செலுத்தி, ஆவியாக்கியபின் எரித்தார். இரண்டு மூன்று கிலோ அளவு தள்ளும் வலிமைதான் அதற்கு இருந்தது. ஆயினும் அது தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு ஓடிற்று. அதைவிடப் பெரிய செயல் ஒன்றையும் அவர் செய்தார். அளவுகளையெல்லாம் நூலாக வெளியிட்டு, விரும்பியவர் எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவருக்குப் பொருள் சேர்ந்திருக்கலாம். அவருடைய நூலைப் படித்துப் பல நாடுகளில் கடைசல் இயந்திரம் வைத்திருந்த அன்பர்கள் முயன்றனர். லாரிகளின் டர்போவில் உள்ள அலுமினியச் சக்கரத்தை ஒட்டுப்பலகைக்குப் பதிலாகப் பொருத்தினர். அடுத்த பத்தாண்டுகளுக்குள் கடையில் வாங்கக்கூடிய இயந்திரங்கள் வந்துவிட்டன.

இன்றைய இயந்திரம் ஒரு பெரிய பால் டின்னின் அளவே இருக்கும். எட்டுக் கிலோ முதல் பத்துக் கிலோ வரை தள்ளும் ஒன்று, முழு வேகத்தில் நிமிடத்திற்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் மண்ணெண்ணெய் குடிக்கும். அந்த எண்ணெயோடு நூற்றுக்கு நான்கைந்து பங்கு மசகெண்ணெயைக் கலந்து விடுகிறார்கள். எரிபொருளில் ஒரு சிறு பகுதி தாங்கிகளின் வழியே சென்று அவற்றை நனைத்துக் குளிர்விக்கும். மசகுக்கென்று தனித் தொட்டி தேவையில்லை. வெளிவரும் வாயுவின் வெப்பநிலை 500 முதல் 700 பாகை வரை. பின்சக்கரம் இந்த வெப்பத்திலும் இழுவிசையிலும் நீண்டுவிடாமலிருக்க நிக்கல் கலந்த உலோகத்தால் வார்க்கப்படுகிறது. இவற்றையெல்லாம் ஒரு சிறு மின்னணுப் பெட்டி மேற்பார்க்கிறது. தொடங்கும்போது மின்பொறியால் அச்சைச் சுழற்றுவது, தீ மூட்டுவது, எரிபொருளைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது, வெப்பம் எல்லை மீறினால் அடைத்துவிடுவது யாவும் அதன் பணி. விலையைக் கேட்பீர்கள். நல்ல இயந்திரம் ஒன்று ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்குக் குறையாது. மாணவர்கள் மின்கலத்தால் சுழலும் விசிறி விமானத்தில் தொடங்குவதே தக்கது என்று நான் கருதுவதற்கு விலை மட்டும் காரணமன்று.

விமானத்தின் உடல் கண்ணாடி நாராலும் பசையாலும் அச்சில் வார்க்கப்படுகிறது. இறக்கையின் உள்ளே நுரைப்பொருள், மேலே மெல்லிய பால்சா மரத்தகடு. விசை மிகுந்த இடங்களில் ஒட்டுப்பலகையோ கரிநாரோ. சூடான வாயு உடலைத் தீய்த்துவிடாதபடி, இயந்திரத்திற்குப் பின்னே இரட்டைச் சுவருள்ள மெல்லிய உலோகக் குழாய் வால்வரை செல்கிறது. எல்லாவற்றையும் பொருத்தியபின், ஈர்ப்பு மையம் வரைபடத்தில் குறித்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு விரற்கடை பின்னால் போனாலும் விமானம் அடங்காக் குதிரையாகிவிடும்.

எரிபொருள் வழியில் ஒரு நுட்பம் உண்டு. விமானம் குட்டிக்கரணம் அடிக்கும்போது தொட்டியில் எண்ணெய் அலைமோதும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் போதும், தீ அணைந்துவிடும். அதனால் பெரிய தொட்டிக்கும் இயந்திரத்திற்கும் இடையே குமிழியைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி ஒன்றை வைக்கிறார்கள். வானத்தில் அணைந்த இயந்திரத்தை மீண்டும் மூட்டுவதை எவரும் நம்பியிருப்பதில்லை. இறக்கையால் மிதந்து இறங்கவேண்டியதுதான்.

வானொலிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையிலுள்ள கருவி, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய ஆணையை அலைவழியே அனுப்புகிறது. விமானத்திலுள்ள ஏற்பி அதைப் பிரித்து, சர்வோ என்னும் சிறு மின்பொறிகளுக்குத் தருகிறது. வழக்கமான முறையில் ஆணை ஒரு மின்துடிப்பாக வருகிறது. துடிப்பு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீடித்தால் ஒரு கோடி, இரண்டு பங்கு நீடித்தால் மறு கோடி, ஒன்றரைப் பங்கு என்றால் நடுநிலை. முன்னாளில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் விமானம் விழுந்து நொறுங்கும். ஆகவே திடலில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்குரிய முளையை எடுத்தவரே கருவியைத் திறக்கலாம் என்று கட்டுப்பாடு செய்திருந்தனர். வினாடிக்கு 240 கோடி அதிர்வுள்ள அலைகளில், தாமே ஒழுங்குசெய்துகொள்ளும் கருவிகள் 2000-களின் நடுவில் வந்தபின் அந்தப் பலகைக்குப் பெரும்பாலும் வேலையில்லாமல் போயிற்று. ஆணை அறுந்துபோனால் இயந்திரம் தானே நின்றுவிடும்படி முன்னரே அமைத்து வைப்பது இன்றியமையாதது. இதைச் சோதித்துப் பாராமல் ஒருவர் விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவந்தால், அவர் எவ்வளவு பெரிய கைகாரராயினும் திருப்பி அனுப்பவேண்டும் என்பேன்.

ஏனெனில் கணக்கு அப்படி இருக்கிறது. பன்னிரண்டு கிலோ விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 41,600 ஜூல். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும் அதே ஆற்றல்தான். கார் வருவது தெரிந்தால் நாம் விலகுவோம். இதுவோ 500 மீட்டர் தொலைவிலிருந்து ஆறே வினாடிகளில் வந்துவிடும். அத்தொலைவில் இரண்டு மீட்டர் இறக்கை, நீட்டிய கையில் பிடித்த அரிசிமணியின் அகலத்திற்குமேல் தோன்றாது. அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே குழப்பமாகும். நம்மை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அமெரிக்காவின் மாதிரி விமானக் கழகம், சுழலி விமானம் ஓட்டுவோருக்குத் தனித் தகுதிச் சான்று வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் 2021-இல் வெளிவந்த ட்ரோன் விதிகள், மாதிரி விமானம் 25 கிலோவுக்கு மேற்படாததாய், கண்பார்வைக்குள்ளேயே பறப்பதாய் இருக்கவேண்டும் என்று வரையறுத்தன. கண்பார்வை என்ற சொல்லின் கருத்து அந்த அரிசிமணியை எண்ணினால் விளங்கும்.

ஓட்டுவதில் பழகவேண்டிய மற்றொன்று இயந்திரத்தின் தாமதம். விசிறி விமானத்தில் விசையை முடுக்கினால் உடனே இழுக்கும். சுழலியோ அடங்கிய நிலையிலிருந்து முழு வேகத்தை எட்டச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். தரையிறங்கும்போது வேகம் குறைந்தபின் நினைத்துக்கொண்டு முடுக்குவதில் பயனில்லை. முன்கூட்டியே நினைக்கவேண்டும். இந்தப் பழக்கம் கைவந்தவர்களுள் ஒருவரான ஜெர்மனியின் நீல்ஸ் ஹெர்பிரிக், 2017 செப்டம்பரில் தம் மாதிரி ஜெட்டை மணிக்கு 749 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செலுத்தி உலகச் சாதனை படைத்தார்.

விமானம் தரையிறங்கி இயந்திரம் நின்றபின்னும் வேலை முடிவதில்லை. சக்கரத்தில் தேங்கிய வெப்பம் அச்சின் வழியே தாங்கிகளுக்கு ஏறும். அப்படி ஏறாதிருக்க மின்பொறி அச்சை விட்டுவிட்டுச் சுழற்றிக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டியவர் கரியமில வாயுத் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு அருகில் நிற்பார். பொடித் தீயணைப்பானை இங்கே விரும்புவதில்லை. பொடி உள்ளே புகுந்தால் இயந்திரம் பாழாகிவிடும். வெப்பநிலை 100 பாகைக்குக் கீழே இறங்கியபின் மின்பொறி ஓயும். அதன் பிறகே அவர் மின்கலத்தைக் கழற்றி, எஞ்சிய எண்ணெயை வடித்தெடுப்பார்.