ஈப்போ வரை ரயில், அதற்குப் பிறகு?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றரை மணிக்குக் கோலாலம்பூரில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறினேன். ஆறு மணிக்கெல்லாம் ஈப்போவில் இறங்கிவிட்டேன். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்திற்கு இரண்டரை மணி நேரம்தான்.

ஈப்போவிலிருந்து எங்கள் வீடு 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பது!

பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் காத்திருந்தேன். வந்த பேருந்து எங்கள் சிறு பட்டணத்தில் இறக்கிவிட்டபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து பழைய ரப்பர் தோட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர். அந்தச் சாலையில் பேருந்தே கிடையாது. வேலை முடிந்த அப்பா மோட்டார்சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டார்.

நான் வாரக் கடைசியில் வீடு திரும்புகிறவள். தாமதமானால் கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான். தினமும் போய்வர வேண்டியவர்களின் கதை வேறு.

என் சித்தி மகளுக்கு எஸ்.பி.எம். முடிந்ததும் ஈப்போவில் ஒரு டிப்ளோமா படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதி இல்லை. காலை எட்டு மணி வகுப்புக்குப் போய்ச் சேரத் தோதான பேருந்து இல்லை. மாலை வகுப்பு நீண்டால் திரும்பி வரவும் வண்டி இல்லை. பெண் பிள்ளையை இருட்டில் மோட்டார்சைக்கிளில் அனுப்ப சித்திக்குப் பயம். அறை எடுத்துத் தங்கப் பணமில்லை. இன்று அவள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தொழிற்சாலை வேன் மட்டும் அதிகாலையிலேயே தோட்டத்து வாசலுக்கு வந்து நிற்கிறது!

வேலைக்கு வண்டி வருகிறது, படிப்புக்கு வரவில்லை. இது ஏன் என்று யோசித்தபோது, பதில் மிகப் பழைய இடத்தில் கிடைத்தது.

ஈயமும் ரப்பரும் போன பாதை

மலாயாவின் முதல் ரயில் பாதை பேராக்கில்தான் பிறந்தது. 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே அது திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. போர்ட் வெல்ட் இன்று கோல செப்பெத்தாங் ஆகிவிட்டது, தண்டவாளமும் போய்விட்டது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் தமிழ் எழுத்தை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் பாதை போடப்பட்டது ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு செல்லத்தான். பிறகு ரப்பர் வந்தது. தோட்டச் சாலைகள் பாலைத் தொழிற்சாலைக்கும், சரக்கை ரயிலுக்கும் கொண்டு சேர்த்தன. ஆட்கள் வெளியே போய்வர வேண்டிய தேவையை யாரும் நினைக்கவில்லை.

பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த என் தாத்தாவிடம் கேட்டேன். “அப்பல்லாம் எங்க பாப்பா வெளியே போனோம்? லயம், கோயில், பள்ளிக்கூடம், மருந்தகம், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்துச்சு” என்றார்.

இன்று ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. மருந்தகம் மூடப்பட்டுவிட்டது. படிப்பு, வேலை, மருத்துவம் எல்லாம் வெளியே. சாலை மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

சின்ன நாடு, பெரிய பாடம்

‘ஐரோப்பாவில் பேருந்து, ரயிலிலேயே நாடு முழுக்கச் சுற்றலாம்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். நாடு சின்னது, அதனால் முடிகிறது என்றும் சொல்வார்கள். லக்சம்பர்க் உண்மையிலேயே சின்னதுதான்; பேராக்கில் அதைப்போல் எட்டு நாடுகளை வைக்கலாம். 2020 பிப்ரவரி 29 முதல் அங்கு நாடு முழுவதும் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம். சுற்றுலாப் பயணிக்கும் கட்டணம் இல்லை. ஆனாலும், ஐரோப்பாவில் மக்கள்தொகைக்கு ஏற்ப அதிகக் கார்கள் வைத்திருக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஆக, கட்டணத்தை நீக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது.

சுவிட்சர்லாந்து பேராக்கைவிட இரண்டு மடங்கு பெரியது, மலைகள் நிறைந்தது. அங்கு 1982இல் நாடு தழுவிய ஒரே கால அட்டவணையைக் கொண்டு வந்தார்கள். ரயில்கள் ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் வரும். முக்கிய நிலையங்களில் பல திசைகளிலிருந்தும் வண்டிகள் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து சேரும். பயணிகள் மாறி ஏறியதும் கிளம்பும். நிலைய வாசலில் மஞ்சள் நிறத் தபால் பேருந்து நிற்கும். அது மலைக் கிராமம் வரை போகும்.

சூரிச்சிலிருந்து பெர்ன் செல்லும் பயணத்தை 2004இல் புதிய பாதை போட்டு ஒரு மணி நேரத்திற்குள் கொண்டு வந்தார்கள். வேகத்தில் சாதனை படைப்பது நோக்கமல்ல. இரு முனையிலும் அடுத்த வண்டியைப் பிடிக்க அந்த நேரம் தேவைப்பட்டது. எத்தனை வேகம் என்பதைவிட இணைப்பு கிடைக்குமா என்பதே அவர்களின் கேள்வி.

நம் நிலையைப் பாருங்கள். 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே தொடங்கிய இ.டி.எஸ். நமக்கு நல்ல வரம். கம்பார், சுங்கை சிப்புட், தைப்பிங் என்று பல ஊர்களில் ரயில் நிற்கிறது. ஈப்போவின் ரயில் நிலையம் நகர மையத்தில் இருக்கிறது. தொலைதூரப் பேருந்துகளின் ஆமான்ஜெயா முனையமோ பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் மேரு ராயாவில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக இருந்தாலும் ஒன்றோடொன்று கைகோக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஆள் குறைவான தோட்டச் சாலையில் பெரிய பேருந்தை நாள் முழுக்க ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பது நியாயம்தான். ஆனால் செயலியில் அழைத்தால் வரும் சிறு வேன் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே நடக்கிறது. காலையில் ஒரு வேன், மாலையில் ரயில் அல்லது கடைசிப் பேருந்து வரும் நேரத்திற்கு ஒரு வேன். தோட்டத்து மாணவர்களுக்கு இதுவே பெரிய காரியம்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். நண்பர்களே, அடுத்த இரண்டு வாரம் உங்கள் பயணத்தைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எவ்வளவு செலவானது. ஒரே தோட்டத்திலிருந்து பத்துப் பேர் அப்படி எழுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் கல்லூரி மாணவர் நலப் பிரிவிடமும் கொடுத்தால், அது வெறும் புலம்பலாக இருக்காது.

என் குறிப்பேட்டின் முதல் வரி அந்த வெள்ளிக்கிழமைதான்: ரயிலில் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், அதன் பிறகு 40 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இரண்டாவது வரியைச் சித்தி மகள் எழுதித் தந்தாள். அவள் போக நினைத்த காலைப் பேருந்தின் நேரமும் வகுப்பு தொடங்கும் நேரமும் அதில் இருக்கின்றன. இடைவெளி நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் அவளுடைய டிப்ளோமா போனது.

அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். அதற்குள் ஒரு வேனாவது வர வேண்டும்.