மலையருவி நீரும் பற்றீரியாக்களும்

மலையுச்சியிலிருந்து இறங்கும் நீர் தூயது என்பது வேரூன்றிய நம்பிக்கை. ஆயின் தெளிவு வேறு, தூய்மை வேறு. பளிங்கு போன்ற நீரிலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் இருத்தல் கூடும். அருவியின் நீர்த்தரத்தை அறியப் பல்லாண்டு அவதானிப்பு ஏன் வேண்டும் என்பதைக் கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலைத்தொடரை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் நீரில் தேடுதல் அரிது. எனவே மனிதரினதும் விலங்குகளினதும் குடலில் வாழும் எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியாவை ஆய்வாளர் சுட்டியாகக் கொள்வர். 100 மில்லிலீற்றர் நீரை நுண்துளை மென்சவ்வினூடாக வடித்து, அம்மென்சவ்வை வளர்ப்பூடகத்தில் உரிய வெப்பநிலையில் ஏறத்தாழ 24 மணித்தியாலம் வைத்தால், அதில் தங்கிய பற்றீரியாக்கள் பெருகித் தனித்தனிப் பொட்டுகளாகத் திரளும். அவற்றை எண்ணிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி குடிநீரின் 100 மில்லிலீற்றரில் இப்பற்றீரியா ஒன்றேனும் காணப்படலாகாது.

எனினும், ஒரு நாளில் எடுத்த மாதிரி அந்நாளின் நிலையையே கூறும். பனியுருகுங் காலத்து நீர்ப்பெருக்கு மாசினை ஐதாக்கும். கோடையின் இடிமழையோ கரையிற் கிடக்கும் சாணத்தை அருவிக்கு அடித்துவரும். ஒரே இடங்களில் ஆண்டுதோறும் மாதிரி எடுத்தாலன்றிப் பருவத்தால் விளைவதையும் நிலப்பயன்பாட்டால் விளைவதையும் வேறுபிரித்தல் இயலாது.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் றொபேட் டேர்லெற்றும் அவர்தம் குழுவினரும் இவ்வழியே சென்றனர். மனித நடமாட்டம் அரிதானவை, நடைப்பயணிகள் தங்குபவை, பொதிசுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செல்பவை, மாடுகள் மேய்பவை என இடங்களை வகுத்து நீரை ஆராய்ந்தனர். 2008ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஐந்தாண்டு ஆய்வு, மாடுகள் மேயும் இடங்களிலேயே குடற் பற்றீரியாக்கள் மிகுதியாகக் கிடைத்தன என்றும், பொதிவிலங்குகள் செல்லும் இடங்கள் அதற்கு அடுத்தன என்றும் காட்டிற்று. மனிதர் மட்டும் நடந்துசெல்லும் இடங்களில் அவை குறைவாகவே காணப்பட்டன. பழியை நடைப்பயணிமேற் சுமத்தும் வழமையான எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது.

கருங்கற் பாறைமீது ஓடும் இவ்வருவிகளில் நைதரசனும் பொசுபரசும் இயல்பாகவே மிகக் குறைவு. சாணம் அவற்றைச் சேர்க்க, அல்காக்கள் தழைக்கும். அவை பற்றீரியாக்களுக்கு உறைவிடமுமாகும்.

இது மலையோடு முடிந்துவிடும் விடயமன்று. இம்மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் துவாலமி நதியின் நீர், ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து 1934 முதல் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் செல்கின்றது. அந்நீர் வடிகட்டப்படாது, கிருமிநீக்கம் செய்யப்படுகின்றது. ஆதலின் மேட்டுநிலத்தின் தூய்மையே நகரின் முதற் காவலாகும். விலங்குகள் எங்கே மேயலாம், எத்தடத்திற் செல்லலாம் என்னும் தீர்மானங்கள் ஊகத்திலன்றி, ஆண்டாண்டாய்ச் சேர்த்த எண்ணிக்கைகளிலேயே தங்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.