ஸ்லாஷர் கோணினால் எங்கே பார்ப்பது?

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த கையோடு மாத்தளை மாவட்டத்தின் தென்னங்காணிகளில் கினிப்புல் இடுப்பளவுக்கு எழும்பிவிடும். கத்தியால் வெட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், உக்குவளை, யட்டவத்த, பல்லேபொல பக்கங்களில் சிறிய ட்ரக்டரின் பின்னால் ஸ்லாஷரை மாட்டி வெட்டுகிறார்கள். அதில் அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. ஸ்லாஷர் ட்ரக்டருக்கு நேர் பின்னால் நிற்காது. ஒரு பக்கம் தள்ளி நிற்கும், அல்லது ஒரு தோள் சரிந்திருக்கும். வெட்டிய நிலத்தில் புல் கோடு கோடாக மிஞ்சும்.

இதைக் கண்டதும் பலர் செய்வது, ஸ்லாஷரை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் அதன் ஏ வடிவச் சட்டத்தை வெட்டி ஒட்டுவது. அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றம் ஸ்லாஷரில் இருக்காது, ட்ரக்டரின் கைகளில் இருக்கும். நல்ல சட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டால், பிறகு கைகளைச் சரிசெய்தாலும் ஸ்லாஷர் நேராகாது.

அந்தக் கைகளின் ஏற்பாடு அயர்லாந்துக்காரரான ஹரி பேர்கசன் 1920களில் உருவாக்கியது. கீழே இரண்டு கை, மேலே ஒன்று. மூன்று புள்ளியில் கருவி தொங்கும். மெசி பேர்கசன் என்ற பெயரில் இருப்பவர் அவர்தான். இன்று எந்தக் கம்பனியின் ட்ரக்டரை எடுத்தாலும் பின்னால் இருப்பது இதே ஏற்பாடு. கீழ்க் கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஆடும்படி அமைந்தவை. அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தச் சங்கிலியோ திருகுக் கம்பியோ இருக்கும். வலது கையைத் தூக்கும் கம்பியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். டொப் லிங்க் எனப்படும் மேல் கையும் நீளத்தை மாற்றக்கூடியது. இத்தனை இடங்களில் மாற்ற முடியும் என்றால், இத்தனை இடங்களிலும் பிசகவும் முடியும்.

தொடுவதற்கு முன் ஒரு விஷயம். எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாஷரின் அடியில் கை போகவேண்டி வந்தால் மரக்கட்டைகளை அண்டை கொடுங்கள். ஹைட்ரோலிக் தாங்கிக்கொள்ளும் என்று நம்பி யாரும் கீழே போகக்கூடாது. முழு வேகத்தில் ஸ்லாஷரின் வெட்டும் அலகின் நுனி மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

இனி அளவு. சரிந்த நிலத்தில் எடுக்கும் எந்த அளவும் பொய் சொல்லும், மாத்தளையிலோ சரியாத நிலம் குறைவு. மிளகு காயப்போடும் சீமெந்துத் தரை இருந்தால் ட்ரக்டரை அதில் ஏற்றுங்கள். பின் டயர்கள் இரண்டிலும் காற்று சமமா என்று பாருங்கள். ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டி, ட்ரக்டரின் வலுவைக் கருவிக்குக் கொடுக்கும் பி.ரி.ஓ. தண்டின் நடுவிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் சோக்கால் குறியுங்கள். ஸ்லாஷர் கியர்பெட்டியின் தண்டிலிருந்தும் அதேபோல் ஒரு குறி. டயரிலிருந்து அளக்காதீர்கள். பின் சக்கரத்தின் ரிம் ஒரு பக்கம் உள்ளேயும் மறுபக்கம் வெளியேயும் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தால், நேராக இருக்கும் ஸ்லாஷரும் கோணலாகவே தெரியும். அப்படியானால் திருத்தவேண்டியது சக்கரத்தை.

சில ஸ்லாஷர்கள் ஒரு பக்கம் தள்ளி நிற்கும்படியே செய்யப்பட்டவை என்பதும் நினைவில் இருக்கட்டும். தென்னை மரத்தை ஒட்டி வெட்ட அது வசதி. அவற்றிலும் கியர்பெட்டியின் தண்டு பி.ரி.ஓ.வுக்கு ஏறக்குறைய நேராக இருந்து, மூடி மட்டும் ஒரு பக்கம் நீண்டிருந்தால், அது குறை அல்ல, அமைப்பு.

குறை உண்மைதான் என்றால் அது மூன்று விதமாக இருக்கலாம்: பக்கவாட்டில் தள்ளி நிற்பது, ஒரு பக்கம் தாழ்வது, திருகி நிற்பது. திருகி நிற்பது என்றால் ஸ்லாஷரின் முன் விளிம்பு ட்ரக்டரின் அச்சுக்குச் சமாந்தரமாக இல்லாமல், ஒரு மூலை முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கண்ணில் முதலில் படுவது பக்கவாட்டு விலகல். 26 அடிக்கு 26 அடி நட்ட தென்னையில், மரத்தைச் சுற்றி 6 அடிக்குப் பசளை வட்டத்தை விட்டால், நடுவே 14 அடி மிஞ்சும். 5 அடி ஸ்லாஷர் மூன்று முறை போனால் 15 அடி. ஒவ்வொரு பொருத்திலும் அரை அடி மேல்விழும். ஸ்லாஷர் 4 அங்குலம் இடதுபக்கம் தள்ளியிருந்தால், போகும்போது ஒரு திசையிலும் திரும்பும்போது எதிர்த்திசையிலும் விலகி, ஒரு பொருத்தில் 8 அங்குலம் பிரியும். மேல்விழும் 6 அங்குலம் போக, 2 அங்குலப் புல் கோடாக நிற்கும். இதற்குப் பக்கச் சங்கிலிகள் இரண்டையும் சமமாக இறுக்கினால் பெரும்பாலும் போதும். அசையவே முடியாதபடி இறுக்கவேண்டாம். ஓரிரு அங்குல ஆட்டம் இருக்கலாம். இறுக்கியபின் ஸ்லாஷரை முழு உயரத்துக்குத் தூக்கியும் முழுக்கத் தாழ்த்தியும் பாருங்கள். சில ட்ரக்டர்களில் சங்கிலி கட்டிய இடமும் கை சுழலும் இடமும் ஒரே கோட்டில் இருப்பதில்லை. கீழே தளர்வாக இருந்த சங்கிலி மேலே போகும்போது முறுக்கேறி அறுந்துவிடும்.

கீழ்க் கைகளில் ஸ்லாஷரை மாட்டும் பின்னையும் பாருங்கள். சிறிய ட்ரக்டர்களுக்கான முதலாம் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மில்லிமீற்றர். இரண்டாம் வகையில் 28. பெரிய ட்ரக்டரின் 28 துளையில் சின்ன ஸ்லாஷரின் 22 பின்னைப் போட்டால், 6 மில்லிமீற்றர் வெறும் ஆட்டம். அதற்கென்று ஒரு புஷ் உண்டு. அது தொலைந்துபோய், பதிலுக்குக் குழாய்த் துண்டோ கட்டுக்கம்பியோ இருந்தால் முதல் வேலை புது புஷ் வாங்குவது. பாவித்த ஜப்பானியச் சிறு ட்ரக்டர்களில் கைகளின் அகலமே வேறாக இருக்கலாம். அவற்றின் பி.ரி.ஓ.வுக்குப் பல வேகங்கள் இருப்பதும் உண்டு. 540 சுற்றுக்குச் செய்த ஸ்லாஷரை அதற்கு மேலான வேகத்தில் ஓட்டவே கூடாது.

ஒரு பக்கம் தாழ்வதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சீமெந்துத் தரையில் நிறுத்தி, வலது தூக்குக் கம்பியின் திருகைச் சுற்றி இரு பக்க உயரத்தையும் சமப்படுத்துங்கள். சரிவில் நின்றுகொண்டு செய்தால் மறுபக்கம் திரும்பும்போது கெட்டுவிடும்.

நான் அதிகம் பயப்படுவது மூன்றாவதற்கு. திருகி நிற்பது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது; ஆனால் இயந்திரத்தைத் தின்பது அதுதான். பி.ரி.ஓ. இணைப்புத் தண்டின் இரு முனையிலும் குறுக்கு மூட்டுகள் உள்ளன. மூட்டு கோணத்தில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சற்றே கூடிக் குறையும். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால், ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் சரிக்கட்டிவிடும். பக்கவாட்டில் தள்ளிய ஸ்லாஷரில் கோணங்கள் சமமாகவே இருக்கின்றன. 30 அங்குலத் தண்டில் 4 அங்குல விலகல் 8 பாகையைக்கூட எட்டாது. திருகிய ஸ்லாஷரிலோ ஒரு முனையின் கோணம் வேறு, மறுமுனையின் கோணம் வேறு. சரிக்கட்ட வழியில்லாத அதிர்வு மூட்டின் பெயரிங்கையும் கியர்பெட்டியின் எண்ணெய்ச் சீலையும் அரிக்கும். எண்ணெய் கசிகிறது என்று வரும் கியர்பெட்டிக்குச் சீலை மட்டும் மாற்றி அனுப்பினால், அதே கசிவோடு திரும்பி வரும்.

இதைக் கண்டுபிடிக்க, பின் அச்சின் உறையிலிருந்து இரு கீழ்ப் பின்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் கை நுனிகளைப் பாருங்கள். மாட்டும் வசதிக்காக வெளியே இழுக்கும் நுனிகள் உள்ள ட்ரக்டர்களில், ஒரு பக்க நுனி பூட்டாமல் வெளியே நிற்பது உண்டு. ஸ்லாஷரை மாட்டியபடி மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் சடக்கென்று பூட்டிக்கொள்ளும், செலவே இல்லை. பூட்டியும் வித்தியாசம் இருந்தால் கை வளைந்திருக்கிறது. தூரம் சமம், ஆனால் ஸ்லாஷரின் முன் மூலைகள் மட்டும் முன்னும் பின்னுமாக இருக்கிறதென்றால், அப்போதுதான் சட்டம் வளைந்தது என்று சொல்லலாம். மிளகுக்கு நட்டு, பிறகு வெட்டிய கிளிரிசிடியாவின் அடிக்கட்டை புல்லுக்குள் மறைந்திருந்து மூலையில் இடித்தால் இப்படி ஆகும். வெல்டிங் கடைக்குப் போகவேண்டிய தருணம் இது ஒன்றுதான். போகும்போது குறுக்குமூலை அளவுகள் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். அவை சமமாகும் வரை ஒட்டவிடாதீர்கள்.

தண்டைக் கழற்றி மாட்டியவர்கள் அதன் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். மாறி மாட்டினால், எல்லாம் நேராக இருந்தும் அதிரும். உள்தண்டும் வெளித்தண்டும் வேலை நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். அதேவேளை, தூக்கித் தாழ்த்தும் வழியில் தண்டு மிகக் குறுகும் இடத்தில் முட்டாமலும் இருக்கவேண்டும்.

கடைசியாக முன்பின் மட்டம். முன் விளிம்பு பின்னதைவிட அரை முதல் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டிய புல்லையே திரும்பத் திரும்ப வெட்டி எஞ்சின் திணறும். டொப் லிங்கை விறைப்பாக வைக்காதீர்கள். சரிவுக் காணிகளில் குறுக்கே ஓடும் மண்காப்புக் கான்களைக் கடக்கும்போது, ஸ்லாஷர் தன் வால்சக்கரத்தில் நிலத்தோடு ஏறி இறங்க இடம் வேண்டும். விறைத்த டொப் லிங்க் அந்த இடத்தில்தான் சட்டத்தை வளைக்கிறது.

எல்லாம் சரிசெய்தபின் ஒரு மணி நேரம் வெட்டிவிட்டு நிறுத்துங்கள். சங்கிலித் திருகு, பின், அலகின் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, குறுக்கு மூட்டுகளுக்குக் கிறீஸ் அடித்துவிட்டுத் தொடருங்கள்.