காலியான பெஞ்சுகள்

காஞ்சிபுரத்தில் இன்றும் நடக்கிறது ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளி. அந்தப் பெயருக்குரிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து மிஷனரி. சுவிசேஷ நம்பிக்கையில் ஊறியவர். 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும், ஆண்டவர் முன் எல்லோரும் சமம் என்பது அவருடைய விசுவாசம். வாசிக்க எழுத்து தெரிய வேண்டும், ஆகவே பள்ளிக்கூடம். மதம் மாற்றத்தானே இதெல்லாம் என்று கேட்பது நியாயமே. அந்த நோக்கத்தை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களை வெளியே அனுப்பச் சொல்லி மற்ற சாதியினர் நெருக்கியபோது ஆண்டர்சன் உறுதியாக மறுத்துவிட்டார். மாணவர்கள் பலர் பள்ளியை விட்டே போனார்கள். ஆள் சேர்ப்பது மட்டுமே குறி என்றால், பெஞ்சுகள் காலியாவதை அவர் பொறுத்திருப்பாரா? அந்தச் சென்னைப் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.