கார் அதிகமா பெட்ரோல் குடிக்குதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

"லிட்டருக்கு 20 கிடைக்கும்னு சொல்லி வித்தாங்க, 14 தான் வருது!" கார் வைத்திருப்பவர்கள் பலரிடம் கேட்கும் புலம்பல் இது. மாதம் 900 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தால் 50 லிட்டர் போதும். 15 தான் கிடைத்தால் 60 லிட்டர் வேண்டும். அந்த 10 லிட்டர் எங்கே போகிறது?

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

டேங்கை முழுதாக நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். கி.மீ. மீட்டரை செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால், அதுதான் உண்மையான மைலேஜ். மூன்று முறை செய்து சராசரி பார்ப்பது நல்லது.

விளம்பரத்தில் வரும் எண் ஆய்வகத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்தது. அங்கே டிராஃபிக் கிடையாது, மேடு பள்ளமும் கிடையாது. எனவே அதைவிடக் குறைவாக வந்தால் உடனே பழுது என்று நினைக்க வேண்டாம். உங்கள் காரே முன்பு கொடுத்த மைலேஜ் இப்போது குறைந்திருந்தால்தான் கவனிக்கணும்.

எங்கே பார்க்கணும்?

• டயர் காற்று: குறைந்தால் இன்ஜின் அதிகம் உழைக்கும். சரியான அளவு டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாகும் முன் பாருங்கள்.
• பிரேக்: ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இது பாதுகாப்புக்கும் ஆபத்து, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
• இன்ஜின் விளக்கு: டேஷ்போர்டில் எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் கெட்டால் பெட்ரோல் தேவைக்கு மேல் பாயும்.
• ஓட்டும் பழக்கம்: சின்னச் சின்னப் பயணம், திடீர் ஆக்சிலரேட்டர், ஏசி போட்டபடி நின்று காத்திருப்பது. மூன்றுமே பெட்ரோலைத் தின்னும்.

இ20 பெட்ரோலால் குறையுமா?

ஓரளவு குறையும். இதில் 20 சதவீதம் எத்தனால். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மைலேஜ் 18-லிருந்து 13-க்கு இறங்கினால், அதற்கு இ20 மட்டுமே காரணமாக இருக்காது.

பங்க்கில் உங்கள் உரிமை

அளவில் சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 25 மில்லி மட்டுமே. தரத்தில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேளுங்கள். டயருக்குக் காற்றும் இலவசம்தான்.

மறுத்தால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அளவு குறைவு என்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம்.

அடுத்த முறை டேங்க் நிரப்பும்போதே அந்த முதல் போட்டோவை எடுத்துடுங்க. மெக்கானிக்கிடம் போனாலும் சரி, புகார் கொடுத்தாலும் சரி, கையில் கணக்கு இருந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.