மீக்கடத்திக்கும் காந்தத்துக்கும் ஏழாம் பொருத்தம்

1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஆன்னஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார்கள். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. இப்படித் தடையில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர்.

மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் சோடி சேர்ந்துதான் ஓடும். ஒவ்வோர் எலக்ட்ரானிலும் ஒரு குட்டிக் காந்த ஊசி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலார் இதை ஸ்பின் என்பார்கள். வழக்கமான சோடியில் ஒன்றின் ஊசி மேலே பார்த்தால் மற்றதன் ஊசி கீழே பார்க்கும். காந்தமோ எல்லா ஊசியையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கிற முரடன். இரும்பு, கோபால்ட் போன்றவற்றுக்குள் நுழைந்த சோடி சில நானோமீட்டர் தூரத்திலேயே பிரிந்துவிடும்.

பிரிவதற்குள் ஒரு வேடிக்கை நடக்கிறது. காந்தத்துக்குள் போன சோடியின் அலை, தேய்ந்துகொண்டே மேடும் பள்ளமுமாக ஊசலாடும். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே வைத்த காந்தப் படலத்தின் தடிமன் சரியாக அமைந்தால், இங்கே மேடாகப் புறப்பட்ட அலை அங்கே பள்ளமாகப் போய்ச் சேரும். இப்படி இரண்டு மீக்கடத்திகளை இணைக்கும் அமைப்புக்குப் பை சந்தி என்று பெயர். சுருக்குப்பை அல்ல, வட்டக் கணக்கில் வரும் பை!

சோவியத் இயற்பியலாளர்கள் 1970-களிலும் 80-களிலும் இதைத் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். செய்து காட்டியது 2001-இல், மாஸ்கோவுக்கு அருகே செர்னகலோவ்காவில் ரியாசனோவ் குழு. இரண்டு நியோபியம் படலங்களுக்கு நடுவே செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய காந்தம். சாதாரணச் சந்தியைக் குளிர்விக்கக் குளிர்விக்க, அது தடையின்றித் தாங்கும் மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். இங்கே அது குறைந்து, பூஜ்யத்தைத் தொட்டு, பிறகு மறுபடி ஏறியது. அலை தலைகீழான இடம் அந்தப் பூஜ்யம்தான். போதிய அளவுள்ள மீக்கடத்தி வளையத்தில் இப்படி ஒரு சந்தியை வைத்தால், பேட்டரியே இல்லாமல் மின்னோட்டம் தானாகச் சுற்றத் தொடங்கும். வலமாகவும் சுற்றலாம், இடமாகவும் சுற்றலாம். குவாண்டம் கணினிக்காரர்கள் இதன்மேல் கண் வைத்திருப்பதற்கு இந்த இரட்டை நிலையும் ஒரு காரணம்.

2006-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இன்னும் துணிந்தார்கள். கடத்தும் எலக்ட்ரான்கள் எல்லாவற்றின் ஊசியும் ஒரே பக்கம் பார்க்கும் ஒரு காந்தத்தை எடுத்து, அதன் வழியே 300 நானோமீட்டருக்கும் அதிகமான தூரம் தடையில்லா மின்னோட்டத்தைக் கடத்தினார்கள். எதிரெதிர் ஊசிச் சோடிக்கு அங்கே பிழைப்பில்லை. கடந்து போனவை இரண்டு ஊசியும் ஒரே பக்கம் பார்க்கும் சோடிகள். காந்தத்தால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. அந்தக் காந்தம் குரோமியம் டையாக்சைடு. ஒரு காலத்தில் உயர்ரகப் பாட்டுக் கேசட்டின் நாடாவில் பூசியிருந்தார்களே, அதே பொருள்தான்.